தட்டு பொய் சொல்லாது

அந்தச் சூப்பை யாரும் குடிக்கப் போவதில்லை என்றால் மூடி வைத்துவிடுங்கள் ஐயா. மாட்டெலும்பை நாள் முழுக்கக் கொதிக்கவிட்டு எடுத்த சாறு அது, சாயங்காலம் சூடு பண்ணினால் இன்னும் ருசியாக இருக்கும். விசாரணைக்கு வந்தவளுக்கும் சேர்த்துச் சாப்பாடு வரவழைத்தது உங்கள் பெருந்தன்மை. எனக்குப் பசியில்லை, ஆனால் கொட்டுவதைப் பார்த்தால் மனசு பொறுக்காது. கடுகுக்கீரையைப் புளிக்கவைத்த கிம்ச்சி தீர்ந்த பிறகு பானையின் அடியில் தேங்கும் தண்ணீரைக்கூட நான் கீழே ஊற்றியதில்லை. அதிலேயே ஒரு குழம்பு வைத்துவிடுவேன்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நடந்ததெல்லாம் இந்தச் சுபாவத்தால் வந்தது. கெட்ட எண்ணத்தால் வந்ததில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் தாக் கும்சூன். இந்தத் துறைமுக ஊர் ஆஸ்பத்திரியில் கிருமிப் பரிசோதனை லேப் என் பொறுப்பில் இருந்தது. ரிப்போர்ட்டுகளில் கையெழுத்துப் போடுகிற டாக்டர் குவாங்ஜு நகரத்திலிருந்து எப்போதாவது வருவார், நான் முன்னால் வைத்ததில் போட்டுவிட்டு மதிய ரயிலைப் பிடிப்பார். பாவம், அவரை இதில் இழுக்க வேண்டாம்.

எங்கள் வேலை பெரிய மர்மமெல்லாம் இல்லை. நோயாளியின் ரத்தமோ சிறுநீரோ வரும். அதிலிருக்கும் கிருமியை வளர்த்து, வட்டத் தட்டில் களிபோல உறைந்த உணவின்மேல் சீராகப் பூசுவோம். மருந்தில் ஊறிய குட்டிக் காகிதப் பொட்டுகளை அதன்மேல் இடம்விட்டு வைப்போம். சூட்டுப் பெட்டியில் ஒரு ராத்திரி இருந்தால், காலையில் தட்டு முழுக்கக் கிருமி படர்ந்திருக்கும். கேட்கிற மருந்தைச் சுற்றி மட்டும் வெறும் வட்டம் தெரியும். பெரிய வட்டம் என்றால் அந்த மருந்து கேட்கும். கிருமி பொட்டை ஒட்டி வந்து உட்கார்ந்திருந்தால் கேட்காது. அளவுகோலை வைத்து அளந்து எழுதவேண்டியதுதான். பெரிய ஆஸ்பத்திரிகளில் இதற்கு மெஷின் இருக்கிறது. எங்களிடமும் ஒன்று உண்டு. ஆனால் முக்கியமான மருந்துகளை நான் கையால்தான் பார்ப்பேன். புதிதாக வருகிற ஒவ்வொரு டாக்டரிடமும் ஒன்றே ஒன்று சொல்வேன்: உங்கள் கண்ணை நம்பாதீர்கள், தட்டு பொய் சொல்லாது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லா மருந்தையும் சோதிப்போம், எல்லாவற்றையும் வெளியே சொல்ல மாட்டோம். சாதாரண மருந்தே கேட்கிறது என்றால் ரிப்போர்ட்டில் அதை மட்டும் காட்டுவோம், பலமான மருந்தின் வரியை மறைத்துவிடுவோம். கண்ணில் பட்டால் டாக்டர் அதைத்தான் எழுதுவார். பலமான மருந்தை அள்ளி வீசினால் கிருமி அதற்கும் பழகிக்கொள்ளும், பிறகு நிஜமாகவே தேவைப்படுகிறவனுக்கு ஒன்றும் மிஞ்சாது. மறைப்பது குற்றமில்லை ஐயா. நல்ல லேப்கள் எல்லாமே செய்வதுதான். டாக்டருக்குப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் போன் பண்ணிக் கேட்கலாம், அப்போது மறைத்த வரியை அனுப்புவோம்.

எல்லாவற்றுக்கும் மேலான ஒரு மருந்தை நாங்கள் கடைசி மருந்து என்போம். அதற்காக நான் ஆஸ்பத்திரிக் கமிட்டியில் சண்டை போட்டே ஒரு விதி கொண்டுவந்தேன். உயிருக்கு ஆபத்தென்றால் கடைசி மருந்தை உடனே ஆரம்பிக்கலாம், ஆனால் தட்டின் ரிப்போர்ட் 'கேட்காது' என்று வந்தால் அன்றே நிறுத்திவிட வேண்டும். டைரக்டர் ஒப்புக்கொண்டார். நடைவழியில் அதை எழுதி மாட்டினார்கள், ஓரத்தில் என் போட்டோவோடு. நீங்கள் நேற்று வந்தபோது பார்த்திருப்பீர்கள். இதற்குள் எடுத்துவிட்டார்களோ என்னவோ, தெரியவில்லை.

அந்த மருந்தின் வட்டம் வருஷத்துக்கு வருஷம் சுருங்குவதைப் பார்த்தவள் நான். ஒரு காலத்தில் தட்டின் ஓரத்தைத் தொடும். பிறகு கொஞ்சம் உள்ளே வந்தது, பிறகு இன்னும் கொஞ்சம். வேறு யாருக்கும் அது கண்ணில் படாது. எனக்கு வயிறு எரியும்.

டாக்டர் யோம் தலைநகர் சியோலிலிருந்து வந்தவர். என்னைவிட வயதில் மிகவும் சின்னவர். கெட்டிக்காரர், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காய்ச்சல் என்று யார் படுத்தாலும் முதலில் எழுதுவது கடைசி மருந்துதான். சாதாரண மருந்து போதும் என்று நான் ரிப்போர்ட் அனுப்பினால் போன் வரும்.

"மறைச்ச வரியையும் அனுப்புங்க. நீங்க ரகசியம் காக்குறதுக்கு இதென்ன ராணுவமா?"

"சாதாரண மருந்தே நல்லா கேக்குது டாக்டர்."

"வட்டம் வட்டமா நீங்க அளந்துட்டே இருங்க. நோயாளி போய்ச் சேர்ந்துட்டா வட்டத்துக்கா ஊதுபத்தி கொளுத்துவீங்க?"

எங்கள் ஆஸ்பத்திரிகளில் டாக்டர் அல்லாத நர்ஸோ லேப் ஆளோ, எல்லோரையும் 'டீச்சர்' என்றுதான் அழைப்பார்கள். ஊசி போடும் சின்னப் பெண்ணுக்குக்கூட அந்த மரியாதை உண்டு. இவர் ஒருவர்தான் என்னை அப்படி அழைத்ததே இல்லை. அவருக்கு நான் தட்டுக்காரம்மா. 

அந்தப் பெயர் ஒரு விருந்தில் வந்தது. வருஷக் கடைசி விருந்து, டைரக்டர் மேஜையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கத்துப் பண்டமான புளித்த திருக்கை மீன் வந்தது. மூக்கு வழியாக ஏறும் வாசனை அதற்கு, பழகாதவர்களால் விழுங்க முடியாது. டாக்டர் யோம் ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் விட்டார். நர்ஸ்கள் விடுவார்களா?

"ஐயோ, சியோல் மாப்பிள்ளை அழுறாரு. யாராவது தலையத் தடவிக் குடுங்களேன்."

"இதத் தின்னாதான் நம்ம ஊரு ஆளு. இல்லாட்டி நாளைக்கே பொட்டியக் கட்டிக்கங்க டாக்டர்."

அவர் முகம் சிவந்தது. மேஜையைச் சுற்றிப் பார்த்தார். கண் என்மேல் வந்து நின்றது.

"தட்டுக்காரம்மா, இந்த அழுகின மீனுல ஒரு துண்டு எடுத்துட்டுப் போங்க. தட்டுல வளத்து, என்ன மருந்து கேக்குதுன்னு காலைல ரிப்போர்ட் குடுங்க. வழக்கம்போல பாதிய மறைச்சுக் குடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். டைரக்டர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் தட்டில் மிச்சம் வைத்த மீனையும் நான்தான் தின்று தீர்த்தேன், வீணாகக் கூடாதே என்று. அதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் எப்படியும் கேட்பீர்கள் என்றுதான் நானே சொல்கிறேன்.

முதல் தடவை ஒரு வயதான மாலுமி. சிறுநீரில் கிருமி. சாதாரண மருந்து நன்றாகக் கேட்டது. டாக்டர் யோம் மறைத்த வரியைக் கேட்டார். அனுப்பினேன். கடைசி மருந்துக்கு நேரே 'கேட்காது' என்று போட்டு அனுப்பினேன். அவர் முனகிக்கொண்டே சாதாரண மருந்துக்கு மாறினார். மாலுமி குணமாகி, தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனார். யாருக்கு நஷ்டம்? மருந்து மிச்சம், மனிதரும் பிழைத்தார். இது இவ்வளவு சுலபமாக இருக்கிறதே என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அப்புறம் வலைக்கடைக்காரர். அவர் கிருமிக்குச் சாதாரண மருந்துகள் கேட்கவில்லை. கடைசி மருந்து கேட்டது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் பழைய மருந்து ஒன்றும் கொஞ்சம் கேட்டது. பழையதை மட்டும் 'கேட்கும்' என்று எழுதினேன். அவர் சாகவில்லை. சிறுநீரகம்தான் போயிற்று, இப்போது வாரம் தவறாமல் வந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறார். மீன் சந்தையில் என்னைப் பார்த்தால் இப்போதும் குனிந்து வணக்கம் சொல்வார். நல்ல மனிதர்.

இன்னும் சிலர் இருக்கிறார்கள். பெயர்கள் உங்களிடம் இருக்கும். அவர்களில் யார் எப்படியும் இறந்திருப்பார், யார் பிழைத்திருப்பார் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கடைசி மருந்தின் செலவு டாக்டர் யோமின் வார்டில் பாதிக்கும் கீழே இறங்கியதை அடித்துச் சொல்லலாம். கமிட்டியில் எனக்குக் கைதட்டினார்கள். டாக்டர் யோமும் தட்டினார். "என் வார்டுல அந்த மருந்தே வேலை செய்ய மாட்டேங்குது, என்ன ஊருய்யா இது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

இனி ஒக்பூன் அக்காவைப் பற்றி. அதற்குத்தானே என்னை உட்காரவைத்திருக்கிறீர்கள்.

மியோங் ஒக்பூன், தயிர்பானம் விற்கிறவர். குளிர்பெட்டி வைத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் மாடி மாடியாகப் போவார். அவருக்குத் தெரியாத ஆள் இந்த ஊரில் இல்லை. என் லேப் கதவைத் தட்டாமல் ஒரு நாளும் போனதில்லை. தேதி முடியப் போகிற பாட்டில் ஒன்றை எனக்கென்று எடுத்து வைத்திருப்பார்.

"இந்தா தங்கச்சி, நாளையோட இதுக்கு ஆயுசு முடியுது. ஊர்ல எல்லாரும் மூஞ்சியத் திருப்புவாங்க, நீ ஒருத்திதான் வீணாக்க மாட்டே."

"வைங்கக்கா."

"யோசிச்சுப் பாரு, நாம ரெண்டு பேரும் ஒரே யாவாரம்தான். நான் நல்ல கிருமிய வண்டில வச்சுத் தள்ளுறேன், நீ கெட்ட கிருமியத் தட்டுல வச்சு வளக்குற. என்ன, எனக்குத்தான் முழங்கால் வலி."

அவர் ஒரு நாள் வண்டியோடு லிஃப்ட் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். குளிர்காய்ச்சல். சிறுநீரில் இருந்த கிருமி ரத்தத்தில் ஏறியிருந்தது. டாக்டர் யோமின் வார்டில் சேர்த்தார்கள். அவர் வழக்கம்போல உடனே கடைசி மருந்தை ஆரம்பித்தார். இந்தத் தடவை அது சரியான முடிவு, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ரத்தத்திலிருந்து கிருமி வளர்ந்தது. தட்டு போட்டேன். மறுநாள் காலை லேப்புக்குப் போகும் வழியில் அக்காவின் மகள் மிஹ்யாங் நடைவழியில் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சித்தி, அம்மாவுக்குக் காய்ச்சல் எறங்கிடுச்சு. கண்ணத் தொறந்ததும் மொதல்ல என்ன கேட்டாங்க தெரியுமா? கும்சூனுக்கு யாரு பாட்டில் குடுத்தாங்கன்னு கேட்டாங்க. அப்புறம்தான் கஞ்சி கேட்டாங்க."

"நல்லதும்மா. கஞ்சில உப்பு கம்மியாப் போடச் சொல்லு" என்றேன்.

உள்ளே போய்ச் சூட்டுப் பெட்டியைத் திறந்தேன். எல்லாப் பொட்டுகளையும் கிருமி நெருங்கி வந்து மூடியிருந்தது. கடைசி மருந்தைச் சுற்றி மட்டும் அகலமான வட்டம். பழைய நாட்களில் பார்த்த மாதிரி, தட்டின் ஓரத்தைத் தொடுகிற வட்டம். எனக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் கட்டிக் காத்ததன் பலன் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, இல்லையா?

'கேட்காது' என்று எழுதினேன்.

பொறுங்கள் ஐயா, பேனாவைக் கீழே வைக்காதீர்கள். யோசித்துப் பாருங்கள். அதே வார்டில், அதே மாதிரிக் கிருமிக்கு, இத்தனை காலமாக 'கேட்காது' என்று எழுதி வந்திருக்கிறேன். திடீரென்று ஒருவருக்கு மட்டும் இவ்வளவு பெரிய வட்டம் என்றால் டாக்டர் யோம் சும்மா இருப்பாரா? பழைய நோயாளிகளையெல்லாம் கிளறுவார். லேப்பின் பெயர் போகும். அதன்பின் எந்த டாக்டரும் தட்டை மதிக்க மாட்டார், கடைசி மருந்து மறுபடி தண்ணீராக ஓடும், பத்து வருஷ உழைப்பு பாழ். அதுவும் போக, எனக்குத் தெரிந்தவர், தினம் பாட்டில் கொடுக்கிறவர் என்பதற்காக மாற்றி எழுதினால் அது பாரபட்சம். வலைக்கடைக்காரருக்கு ஒரு நியாயம், ஒக்பூன் அக்காவுக்கு ஒரு நியாயமா? நான் அப்படிப்பட்டவள் இல்லை.

விதிப்படி அன்று மதியம் கடைசி மருந்தை நிறுத்தினார்கள். பழைய மருந்தை ஏற்றினார்கள். அதுவும் அந்தக் கிருமிக்குக் கேட்கவில்லை, ஆனால் வேறு எதை ஏற்றுவது? காய்ச்சல் திரும்ப ஏறியது. அக்கா தன் மகளையே அடையாளம் தெரியாமல் 'யாரு தாயி நீ' என்று கேட்டாராம். மறுநாளைக்கு மறுநாள் இறந்துபோனார்.

துக்கம் கேட்கிற சாவு மண்டபமும் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில்தான். நான் போனேன். படத்துக்கு முன்னால் பூவோடு சேர்த்து மிஹ்யாங் தயிர்பான பாட்டில்களை அடுக்கி வைத்திருந்தாள். இரண்டு தடவை விழுந்து வணங்கினேன். அங்கே கொடுத்த காரமான மாட்டிறைச்சிச் சூப்பைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன். மிஹ்யாங் என் தோளில் சாய்ந்து அழுதாள். "சித்தி, எறங்கின காய்ச்சல் எப்படி ஏறுச்சு? யாரக் கேட்டாலும் சொல்ல மாட்டேங்குறாங்க" என்றாள். கிருமி அப்படித்தான் என்றேன். அதுவும் பொய்யில்லை.

அவள்தான் விடவில்லை. வெளியில் ஒரு தடவை பரிசோதிக்கவேண்டும் என்று டாக்டர் யோமிடம் போய் நின்றிருக்கிறாள். அவர் அவளிடம் என்ன சொன்னார் என்று உங்கள் காகிதத்திலேயே இருக்கிறதே, நேற்று நீங்கள்தான் வாசித்துக் காட்டினீர்கள். "எங்க லேப்ல தப்பு நடக்காதும்மா. உன் மனசு ஆறணும்னு அனுப்புறேன்." கடைசி நாளில் எடுத்த ரத்தத்தைக் குவாங்ஜுவுக்கு அனுப்பினார். அங்கே தட்டு போட்டார்கள். தட்டு பொய் சொல்லாதே.

இப்போது நீங்கள் நாலாவது தடவையாக ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். மற்ற டாக்டர்களின் நோயாளிகளுக்கெல்லாம் உண்மையை எழுதியிருக்கிறாயே, டாக்டர் யோமின் நோயாளிகளுக்கு மட்டும் ஏன் மாற்றினாய் என்று. நான் நாலாவது தடவையாகச் சொல்கிறேன், மருந்தை வீணாக்கியவர் அவர்தான். மற்றவர்கள் நான் மறைத்ததை மறைத்தபடியே விட்டார்கள், மரியாதையாகப் பேசினார்கள். மரியாதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வாய் தவறி வந்துவிட்டது, அதை அடித்துவிடுங்கள்.

சரி, அடிக்க வேண்டாம், இருக்கட்டும். ஒன்றை நேற்று சொல்லாமல் விட்டேன். அதையும் சொல்லிவிட்டால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும்.

ஒக்பூன் அக்காவின் ரிப்போர்ட் போன அன்று, மருந்தை நிறுத்துவதற்கு முன்னால், டாக்டர் யோம் லேப்புக்கு வந்தார். அதற்கு முன் அவர் அந்தப் படியை மிதித்ததே கிடையாது. போன்தான். வாசலில் செருப்பை மாற்றிக்கொண்டு, உள்ளே வராமல் நின்றார்.

"டீச்சர், ஒரு நிமிஷம் பேசலாமா?"

டீச்சர் என்றார்.

"சொல்லுங்க டாக்டர்."

"அந்தத் தயிர்க்கார அம்மாவுக்குக் காய்ச்சல் எறங்குது. ரத்த அழுத்தமும் தேறியிருக்கு. ஆனா ரிப்போர்ட்ல கேக்காதுன்னு இருக்கு. என் கண்ணு ஒண்ணு சொல்லுது, உங்க தட்டு வேற ஒண்ணு சொல்லுது. எத நம்புறதுன்னு தெரியல."

"காய்ச்சல் சில நேரம் தானா எறங்கிட்டு மறுபடி ஏறும் டாக்டர். கண்ணு ஏமாத்தும். தட்டு பொய் சொல்லாது."

அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அன்னிக்கு விருந்துல நான் பேசினது தப்பு. ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன், வாய் வரல. எல்லாரும் என்னைக் கேலி பண்ணினதும் புத்தி கெட்டுப்போச்சு. மன்னிச்சுக்கங்க." பிறகு கேட்டார். "இந்த ஒண்ண மட்டும் நீங்க இன்னொரு தடவை பாத்தீங்களா?"

தட்டு என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. மூடியைத் தூக்கிக் காட்டினால் போதும். ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை. அந்த வட்டம் வாசலிலிருந்தே தெரியும்.

"பாத்தேன்" என்றேன்.

"சரி. நீங்க சொன்னா நான் நம்புறேன் டீச்சர்."

அப்படிச் சொல்லிவிட்டு, இடுப்பு வளைய, டைரக்டர் முன்னால் குனிவதுபோலக் குனிந்தார். பிறகு மேலே போய் மருந்தை நிறுத்தச் சொன்னார்.

அந்த ஆஸ்பத்திரியில் அதுவரை யாரும் என் முன்னால் அப்படிக் குனிந்ததில்லை ஐயா. நீங்களே சொல்லுங்கள், அவ்வளவு மரியாதையாக வந்து கேட்ட மனிதரிடம், நான் எழுதியது தப்பு என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?